கதவுப் பக்கக் குறி

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரசமட்டம் கொட்டகைக்குள் போனால் வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆறு போல்ட். ஒன்றுக்குக் கால் மணி நேரம்.

முதலில் கட்டுக்கம்பியை அவிழ்ப்பார். துணியைப் பிரிப்பார். கடல்காற்று பட்டுக் கறுத்து, தூசி ஒட்டிக் கிடக்கும் பழைய கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார். பல் தேய்த்துத் தேய்ந்த பிரஷ் ஒன்று அதற்கென்றே உண்டு. அதை மரைக்குள் விட்டுச் சுற்றுவார். எங்காவது ஊசிமுனை அளவுக்குச் செம்பழுப்பு தெரிந்தால் உப்புத்தாள். பிறகு நட்டை அடிவரை இறக்கி, மறுபடி மேலே ஏற்றி, தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்ப்பார். புதுக் கிரீஸ், புதுத் துணி, கட்டுக்கம்பி. அடுத்த போல்ட்.

எட்டடி நீளம், நாலடி அகலம், ஓரடி கனத்தில் போட்ட கான்கிரீட் மேடை அது. அதிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு அந்த போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு முனையில் நாலு, இன்னொரு முனையில் இரண்டு. மேடையின் மேல் எந்த மிஷினும் இல்லை. மூன்று வருடமாக இல்லை. இனி வரப்போவதும் இல்லை. வந்தாலும் அந்த போல்ட்டுகளில் அதை உட்கார வைத்து வேலை பார்க்க முடியாது. இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், கிரீஸ் போடுகிறவருக்கும் சேர்த்து.

ரசமட்டம் என்பது அவருடைய பெயர் அல்ல. தளம் சரிந்திருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்க்கும் கண்ணாடிக் குழாய்க் கட்டைக்குத்தான் அந்தப் பெயர். நாற்பது வருடம் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டே திரிந்ததால் ஊர் அவருக்கு அதையே வைத்துவிட்டது. அடுத்தவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் மேசையின் மேல் கட்டையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார் என்பார்கள். இப்போது அந்தக் கட்டை சமையலறை அலமாரிக்கு மேல் கிடந்தது. மூன்று வருடமாக அவர் எந்த வேலைக்கும் போகவில்லை. கேட்டு வருகிறவர்களிடம், "கண்ணு சரியில்லப்பா" என்பார்.

"என்ன, குளிப்பாட்டியாச்சா?" சமையலறை ஜன்னலிலிருந்து அத்தை கேட்டாள். அத்தை என்றால் மருமகளுக்கு அத்தை, அவருக்குப் பெண்சாதி. "தலை துவட்டிப் பவுடர் போட்டு விட்டீங்களா?"

"நாலாவது நடக்குது."

"நடக்கட்டும். ஊசிமுனைத் துரு இப்பத் தெரியுது. பலகையில கை அகலத்துக்குப் போட்ட குறி அன்னைக்குத் தெரியல. தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிறதுக்கு உங்ககிட்டதான் கத்துக்கணும்."

அவர் நாலாவது போல்ட்டின் கட்டுக்கம்பியை முறுக்கினார். துவைகல்லில் நின்றிருந்த மருமகள் கையிலிருந்த துணியை இன்னும் வேகமாகத் துவைத்தாள். குறி என்ற வார்த்தை வரும்போதெல்லாம் அவள் கை தானாக வேகம் எடுக்கும்.

அந்தக் குறியைப் போட்டவள் அவள்தான்.

*

அவளுடைய கணவன் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். இரும்பு கடைய சொந்தமாக ஒரு லேத் வாங்கி வீட்டுப் பின்புறத்திலேயே தொழில் வைக்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் நினைப்பு. பழைய லேத் ஒன்று சொல்லி வைத்தாகிவிட்டது. அதை உட்கார வைக்க ஒரு மேடை வேண்டும்.

"வெளி ஆளு வேண்டாம். நான் போட்டுத் தர்றேன்" என்றார் அப்பா. "எத்தனை பேர் வீட்டுக்கோ போட்டாச்சு."

மகன் மிஷினின் அடியளவை எடுத்து வந்து ஒரு பிளைவுட் பலகையில் ஆறு துளை போட்டான். பலகையை அச்சுச் சட்டத்தின் மேல் வைத்து, துளைகளில் போல்ட்டுகளைத் தொங்கவிட்டுக் கான்கிரீட் ஊற்றினால், போல்ட்டுகள் நூல் பிசகாமல் நிற்கும். பிறகு பலகையை எடுத்துவிடலாம். எல்லாம் சரி, பலகையை எந்தப் பக்கம் வைப்பது என்பதுதான் முக்கியம். முனை மாறினால் மிஷின் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"எனக்கு லேத்துக்கு முன்னாடி எது, பின்னாடி எதுன்னு தெரியாது" என்றார் அப்பா. "ஒரு குறி போட்டுக் குடுத்துடு. மீதியை நான் பாத்துக்கறேன்."

மகன் சாக்பீஸால் ஒரு முனையில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டான். "இது கதவுப் பக்கம்" என்றான். அவன் அந்த வாரம் முழுக்கத் துறைமுகத்தில் தங்கி வேலை. சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை காலையில் கலவை. ரசமட்டத்தோடு கூலியாட்கள் இரண்டு பேர். மணலை முதல் நாளே மூன்று தண்ணீர் விட்டு அலசி வைத்திருந்தார்கள். கடலோர மணலில் உப்பு இருக்கும். ரசமட்டம் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"இன்னொரு தண்ணி."

"அண்ணே, இதுக்கு மேல அலசினா மணலே இருக்காது" என்றான் ஒருவன்.

"உப்பு உள்ள போச்சுன்னா கம்பி உள்ளுக்குள்ளயே அழுகிடும். வெளிய பாத்தா மேடை ராஜா மாதிரி இருக்கும். ஒருநாள் திடீர்னு பிளந்துக்கும். அலசு."

கம்பி வலை தரையைத் தொடாமல் இருக்க அடியில் சின்னச் சின்ன சிமெண்டுக் கட்டிகள். ஒவ்வொன்றையும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். மண்ணைத் தொட்ட கம்பி செத்த கம்பி என்பது அவர் கட்சி. எட்டு மணிக்கே வெயில் ஏறியிருந்தது. கான்கிரீட் இறுகுவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

அவள் அப்போது ஐந்து மாதம். கனமாக எதையும் தூக்க விடமாட்டார்கள். சும்மா உட்காரவும் அவளால் முடியவில்லை. சுவரில் சாய்த்திருந்த பலகையைப் பார்த்தாள். கான்கிரீட் ஒட்டாமல் இருக்கப் பலகைக்கெல்லாம் பழைய இஞ்சின் ஆயில் தடவுவது அந்த வீட்டுப் பெண்களின் வேலை. யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆயிலைத் துணியில் நனைத்து இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்தாள். தேய்த்து முடித்துப் பின்னால் நகர்ந்து பார்த்தபோதுதான் குறி இல்லாதது தெரிந்தது.

கொட்டகைக்குள் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "பலகையைக் கொண்டாம்மா" என்று மாமாவின் குரல். அவள் யோசித்தாள். நாலு துளைப் பக்கமா, இரண்டு துளைப் பக்கமா? கணவன் பலகையை மடியில் வைத்துக்கொண்டு குறி போட்டது கண்ணுக்குள் வந்தது. நாலு துளைப் பக்கம்தான். நிச்சயமாக நாலு துளைப் பக்கம்தான். ஆயிலில் சாக்பீஸ் சரியாகப் பிடிக்கவில்லை. துணியால் அந்த இடத்தை ஒற்றி எடுத்துவிட்டு, பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தாள்.

சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அழிந்ததை மறுபடி எழுதினாள், அவ்வளவுதான். இதில் சொல்ல என்ன இருக்கிறது?

மறுநாள் ரசமட்டமே பலகையை எடுத்துக் கழுவிக் காயவைத்தார். மேடையின் மேல் மண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தினார். பேரனோ பேத்தியோ தொட்டிலில் தூங்குவதைப் போய்ப் போய்ப் பார்ப்பது போல மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போனான்.

"அப்பா, இங்க வாங்க. இது என்ன?"

"என்ன?"

"நாலு போல்ட்டு எங்க இருக்கு?"

"கதவுப் பக்கம். நீ குறி போட்ட பக்கம்."

"நான் குறி போட்டது ரெண்டு துளைப் பக்கம்."

"குறி இருந்த பக்கம்தான்டா வச்சேன்."

"அப்ப குறி நடந்து போச்சா?" அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "இப்ப மிஷினை வச்சா அது சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கும், வாத்தியார் நிக்க வச்ச பையன் மாதிரி. நடுவுல ஒரு முழ இடம். நான் பல்லியா, சுவர்ல ஒட்டிக்கிட்டு வேலை பாக்க?"

"வெட்டிட்டு வேற போல்ட்டு இறக்கிக்கலாம்."

"துளை போட்டா அதிர்வு தாங்காதுன்னு சொன்னது யாரு? நீதானே? முழுசா உடைச்சுத்தான் போடணும்." அதுவரை 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவன் அந்த இடத்தில் 'நீ' என்றான். "கண்ணு தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். ஊருக்கெல்லாம் மட்டம் பாக்கத் தெரியுது, பெத்த புள்ள போட்ட குறி தெரியல. இனிமே என் வேலையில நீ கை வைக்காதே."

மாமா கண்களைக் கசக்கிக்கொண்டு மேடையைப் பார்த்தார். சிமெண்டுத் தூசிக்குப் பயந்து வேலையில் கண்ணாடி போடமாட்டார். "தெரியலையோ என்னமோ" என்றார்.

அவள் வாசல்படியில் நின்றிருந்தாள். வாயைத் திறந்தாள். கணவன் அவளைத் தாண்டிக்கொண்டு போனான். கோபம் தணியட்டும், சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். அவன் சாப்பிடவில்லை. காலையில் சொல்லலாம் என்று நினைத்தாள். அவசர வேலை என்று விடிவதற்கு முன் ஆள் வந்து கூப்பிட, பிள்ளைத்தாய்ச்சியை எழுப்ப வேண்டாம் என்று அவன் சத்தமில்லாமல் கிளம்பிப் போய்விட்டான்.

பழுதுக்கு வந்த கப்பலில் பத்து மாதமாக மூடிக் கிடந்த இரும்புத் தொட்டி. உள்ளே இறங்கி ஓரிடத்தில் அளவெடுத்து வர வேண்டும், அவ்வளவுதான். ஏணியின் நாலாவது படியில் அவன் கை விட்டுப்போனது. வெளியே விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த நண்பன், கால் வழுக்கிவிட்டது என்றுதான் நினைத்தான். மேலே எடுத்தபோது உயிர் இல்லை. விஷவாயு எதுவும் இல்லை என்று பிறகு வந்த அதிகாரி சொன்னார். இரும்பு துருப்பிடிக்கக் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வேண்டும். மூடிய தொட்டியின் சுவர்கள் பத்து மாதமாக அதை எடுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. உள்ளே காற்று இருந்தது. மூச்சுக்கு வேண்டியது மட்டும் அதில் இல்லை.

ரசமட்டம் அவரிடம் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். "துருவா?" என்றார். "துருதானா?"

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் அவர் முதல் முறையாகக் கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனது.

*

குழந்தைக்கு இப்போது இரண்டரை வயது. புதன்கிழமை காலையில் பந்தைத் துரத்திக்கொண்டு கொட்டகைக்குள் ஓடிய பெண், மேடை விளிம்பு தடுக்கி நேராக ஒரு போல்ட்டின் மேல் விழுந்தாள். புருவத்துக்கு மேல் மூன்று தையல்.

"ஒரு நூலு கீழ பட்டிருந்தா கண்ணு" என்றார் தையல் போட்ட டாக்டர்.

அத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவெடுத்துவிட்டாள். மகனின் நண்பனுக்கு, அன்று விளக்குப் பிடித்தவனுக்கு, போன் போட்டாள். அவனுக்கு டமாரம் என்று பெயர். இருபது வருடம் கிரைண்டர் பிடித்துக் காது பாதி போய்விட்டது. தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று எப்போதும் உச்சக் குரலில்தான் பேசுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கிரைண்டரோடு வந்தபோது ரசமட்டம் மேடையின் நடுவில், ஆறு போல்ட்டுகளுக்கு இடையில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, எந்திரிங்க. பத்து நிமிஷ வேலை" என்று டமாரம் கத்தினான்.

"வெட்ட வேண்டாம்."

"ஆமா, வெட்டத்தான் வந்திருக்கேன்."

"வேண்டாங்கறேன்டா."

"ஓ." அவன் கிரைண்டரைக் கீழே வைத்தான். "அம்மா, அப்பா வேண்டாங்கறாரு."

"அவரு வேண்டாம்பாரு" என்று அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையின் நெற்றியில் பிளாஸ்திரி. "அவரு கண்ணுக்கு இந்தத் தையல் தெரியாதுல்ல."

"ரப்பர் மூடி வாங்கிப் போடுறேன். சுத்தி வேலி போடுறேன். கொட்டகைக்குப் பூட்டுப் போடுறேன்."

"ஆறு இரும்புத் துண்டுக்கு வேலி, பூட்டு. எதுக்கு? என்ன வரப்போகுது அதுல?"

"ஒண்ணும் வராது."

"பின்ன?"

"என் தப்பு, என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

"தப்பு உங்களோட இருக்கட்டும். புள்ள நெத்தியில எதுக்கு?" அத்தையின் குரல் திடீரென்று இறங்கியது. "கடைசி நாள் அவன் சாப்பிடாம படுத்தான். உங்களால. அதுக்கு மேல எதையும் நான் உங்ககிட்ட கேட்டேனா? இதைத்தான் கேக்கறேன். வெட்டச் சொல்லுங்க."

குழந்தை சிணுங்கியது. அத்தை அதற்குச் சோறு ஊட்ட உள்ளே போனாள். டமாரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வெளியே திண்டில் உட்கார்ந்து, இரும்பு வெட்டும் பிளேடை மாட்டத் தொடங்கினான். முதுகு இந்தப் பக்கம். அவன் காதுக்கு இது எட்டாது.

மருமகள் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மூன்று வருடமாக அந்த மேடையில் அவள் உட்கார்ந்ததில்லை. கான்கிரீட் குளிர்ந்திருந்தது.

"மாமா."

"நீயும் வெட்டத்தான் சொல்லப்போறியா?"

"குறியை நான்தான் போட்டேன்."

"எந்தக் குறி?"

"பலகைக்கு ஆயில் தேச்சேன். அவர் போட்ட குறி அழிஞ்சுபோச்சு. நீங்க பலகை கேட்டீங்க. ஞாபகத்துல நானே போட்டுக் குடுத்துட்டேன். தப்பான பக்கம் போட்டுட்டேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த போல்ட்டில் துணி சற்று நழுவியிருந்தது. அதை மேலே இழுத்துவிட்டார்.

"எந்தப் பக்கம் போட்ட?"

"நாலு துளைப் பக்கம்."

"சாக்பீஸா?"

"ஆமா."

"ஆயில்ல பிடிச்சிருக்காதே."

"துணியால ஒத்தி எடுத்துட்டுப் போட்டேன்."

"ம்." அவர் தலையாட்டினார், வேலை சரியாக நடந்திருக்கிறது என்பது போல. "அப்ப அன்னைக்கு நான் பாத்த குறி நிஜமாவே அங்கதான் இருந்துச்சு."

"அங்கதான் இருந்துச்சு மாமா. உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. நீங்க வேலைக்குப் போயிருக்கலாம். நான் சொல்லியிருந்தா அன்னைக்கே, அவர் உங்களை அப்படி..." மூன்று வருடம் சேர்த்து வைத்த வார்த்தைகள் இருந்தன. எதுவும் இந்த நேரத்துக்குப் பொருந்தவில்லை. "என்னைத் திட்டுங்க."

அவர் திட்டவில்லை. சுருங்கிப்போன மாதிரி இருந்தார். திட்டுவார், அல்லது அழுவார், அல்லது ஒரு பெருமூச்சு விட்டு எழுந்துகொள்வார் என்று அவள் விதவிதமாக நினைத்து வைத்திருந்தாள். சுமை இறங்கினால் மனிதர் நிமிர்வார் என்று நம்பியிருந்தாள்.

"என்னை 'நீ'ன்னு சொன்னான்" என்றார் அவர்.

"ம்."

"சின்னதுல இருந்து ஒரு தடவ சொன்னதில்ல. அன்னைக்குச் சொன்னான். சரி, தப்புப் பண்ணின அப்பன், சொல்லட்டும்னு இருந்தேன். அவன் கேட்டதுல ஞாயம் இருந்துச்சு. எப்ப நெனச்சாலும் கடைசியில அங்கதான் வந்து நிப்பேன். எம்மேல தப்பு, எம்புள்ள கேட்டான். நாலு வார்த்தை கேட்டுட்டுப் போயிட்டான். ஞாயமாத்தான் கேட்டுட்டுப் போயிருக்கான்."

கிரைண்டர் பிளேடின் நட்டை டமாரம் இறுக்கும் சத்தம் கேட்டது.

"இப்பப் பாரு. ஒண்ணும் பண்ணாத அப்பனைத் திட்டிட்டுப் போயிருக்கான்."

"அவருக்குத் தெரியாது மாமா."

"தெரியாது. அதான் சொல்றேன். தெரியாமயே போயிட்டான். இருந்தா ஒருநாள் தெரிஞ்சிருக்கும். வந்து நின்னிருப்பான். மன்னிப்பெல்லாம் கேக்கத் தெரியாது அவனுக்கு, சும்மா வந்து பக்கத்துல நிப்பான். அதுக்கும் வழியில்லாம அநியாயத்தைப் பண்ணிட்டுப் போனவனா ஆயிட்டான்." அவர் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. "இதை நீ எங்கிட்டச் சொல்லியிருக்க வேண்டாம்மா."

அவள் இரண்டு கைகளாலும் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"உங்க அத்தைக்கு?"

"சொல்லிடறேன் மாமா. இன்னைக்கே சொல்லிடறேன். இனிமே அவங்க உங்களை ஒரு வார்த்தை..."

"சொல்லக் கூடாது."

"மாமா."

"நான் உசுரோட இருக்கிற வரைக்கும் சொல்லக் கூடாது. அதுக்கப்புறமும் வேண்டாம். அவ மகன் ஞாயமாப் பேசிட்டுப் போனான்னு இருக்கட்டும். அவ என்னைத் திட்டட்டும். தெனமும் திட்டட்டும். அவ அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்து நடமாடுறா." மேடையில் கையை ஊன்றி எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. "உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். கேட்டுக்கிட்டு இரு."

கொட்டகை வாசலுக்குப் போய் டமாரத்தின் தோளைத் தட்டினார். "வெட்டலாம்" என்று கையால் காட்டினார்.

*

டமாரம் கிரைண்டரை மேடையோடு சாய்த்தபோது அவர் தடுத்தார்.

"மட்டத்தோட வெட்டினா வெட்டுவாய்ல துரு ஏறும். உள்ள இறங்கி ஊதிக் கான்கிரீட்டைப் பிளக்கும். சுத்தி ரெண்டு விரக்கடை கொத்தி, ஆழத்துல வெட்டு. மேல கலவை போட்டு மூடணும்."

"என்னது?"

அவர் உளியும் சுத்தியலும் எடுத்து வந்து தானே முதல் போல்ட்டைச் சுற்றிக் கொத்திக் காட்டினார். அப்படியே ஆறையும் கொத்தினார். கிரைண்டர் ஒவ்வொரு போல்ட்டாக இறங்கியபோது பொறி பறந்தது. கிரீஸ் கருகும் வாடை வந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு போல்ட். வெட்டுப்பட்ட இடம் வெள்ளியாக மின்னியது. மூன்று வருடம் உப்புக் காற்று வீசும் இடத்தில் நின்ற இரும்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"சும்மா சொல்லக் கூடாது, புதுசு மாதிரி வச்சிருக்காருப்பா" என்றான் டமாரம், தெருவே கேட்கும்படி. பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். வெட்டிய துண்டுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ரசமட்டம் ஒரு கிண்ணம் சிமெண்டு, இரண்டு கிண்ணம் மணல் எடுத்து வரச் சொன்னார். மணலை நாக்கில் வைத்துப் பார்த்தார். வெட்டுவாய்களைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, சிமெண்டுப் பாலை முதலில் தடவினார். சிமெண்டு தன் பிடியில் இருக்கிற இரும்பைத் துருப்பிடிக்க விடாது. குழிகளை நனைத்துவிட்டுக் கலவையை அழுத்தி நிரப்பினார். கரணையால் முதல் குழியை நாலு தடவை இழுத்தார். இரண்டாவதுக்கு ஒரே இழுப்பு போதுமாக இருந்தது. அவள் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் குந்தியிருந்தாள். கேட்கும்போதெல்லாம் ஊற்றினாள்.

ஆறாவது குழியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்தாள். தோளில் குழந்தை தூங்கிப்போயிருந்தது. வெறும் மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அங்கே இனி ஒன்றுமில்லை என்பதை அவளும் அப்போதுதான் பார்த்தது போலிருந்தது. உதடு கோணியது. உடனே இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"மட்டமா இருக்கா? இல்ல, இதையும் மாத்தி வச்சீங்களா?"

மருமகள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"சரியாத் தெரியல" என்றார் அவர், கண்களைச் சுருக்கிக்கொண்டு. "நீதான் பாத்துச் சொல்லேன்."

அத்தை இதை எதிர்பார்க்கவில்லை. குழந்தையின் தலையைக் கையால் தாங்கிக்கொண்டு குனிந்தாள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். எதையாவது சொல்லியாக வேண்டும்.

"அந்த ஓரம் ஏறியிருக்கு."

எந்த ஓரமும் ஏறியிருக்கவில்லை. மருமகளுக்குத் தெரிந்தது. அவருக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

"ஆமா" என்றார். "என் கண்ணுக்கு எங்க தெரியுது."

கரணையைத் தண்ணீரில் தோய்த்து, மட்டமாக இருந்த அந்த ஓரத்தை மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.